பெயரும் பட்டமும்: பல்கலைக்கழக மாணவரை ஆராய்வதில் இனமும் அறமும்

 

இனப்பாகுபாட்டை அறியும் பொருட்டு ஆராய்ச்சியாளர் பிறரை ஏமாற்றலாமா என்பது எனக்கும் என் சக பேராசிரியர்களுக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. உங்களில் பலர் அதில் பாதியேனும் அறிவீர்கள். அதற்கு மூலமானது லீ ஹுவொக் ஆன், முகமது அப்துல் காலிட் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு.

உலகில் இல்லாத புதிய பட்டதாரிகளை அவர்கள் தாளில் படைத்து, அவர்களுக்குப் பட்டமும் மதிப்பெண்ணும் அளித்து, பொறியியல், கணக்கியல் பணிகளுக்குத் தனியார் நிறுவனங்கள் வெளியிட்ட விளம்பரங்களுக்கு விண்ணப்பிக்கச் செய்தனர். சில விண்ணப்பங்கள் மலாய்ப் பெயரையும் சில சீனப் பெயரையும் தாங்கின. நம் மலேசியாவிலோ, மலாய்ப் பெயரின் நடுவே 'பின்' என்று வந்தாலும் இந்தியப் பெயரின் நடுவே 'ஏ/எல்' என்று வந்தாலும், பட்டத்தைப் பார்க்கும் முன்னரே இனம் தெரிந்துவிடுகிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது சீனப் பெயர்களுக்கு நூற்றுக்கு 22.1, மலாய்ப் பெயர்களுக்கு 4.2. விண்ணப்பத்தின் தரத்தைவிட இனமே மிகுதியாக முடிவு செய்தது. இதனை ஒரு சமூகத்தின்மீது குற்றப்பத்திரிகையாக வாசிப்பது தவறு. சீன மொழி வல்லோர்க்கு அழைப்பு கூடியதையும் அவ்வறிஞரே பதிவு செய்துள்ளனர்.

முதலாளிகளின் சம்மதம் இன்றி நடந்ததால் இது அதர்மம் என்கின்றனர் அப்பேராசிரிய நண்பர்கள். "நீங்கள் இனம் பார்ப்பதுண்டா?" என்று சம்மதம் பெற்றுக் கேட்டால், பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளிலும் கோலாலம்பூர் அலுவலகங்களிலும் இல்லை என்பதன்றி வேறு விடை கிடைக்குமா? எந்த நிறுவனமும் பெயர் சுட்டப்படவில்லை. நஷ்டமானது அலுவலர் சிலரின் சில நிமிஷங்களே. அவ்வளவுக்கு, பட்டதாரிகள் தனித்தனியே அனுபவித்து, தம் குறையென்றே எண்ணியிருந்த அநீதி எண்ணாக வெளிப்பட்டது. இந்தப் பொய்யை நான் ஏற்கிறேன்.

நான் ஏற்காதது, இதே நண்பர்கள் தம் வகுப்பறையில் செய்வது. விடைத்தாள் திருத்தப்போகும் ஆசிரியரே வினாப்படிவத்தை நீட்டுகிறார்; முதற்பக்கத்தில் மாணவர் எண், அதன் கீழே 'இனம்' என்னும் கட்டம்; இறுதியில் சம்மதக் கையொப்பம். பின்வரிசை மாணவி பேனாவை மூடி வைத்தவள், ஆசிரியர் அருகில் வரவே திறந்து ஒப்பமிட்டதை ஒரு கல்லூரியில் கண்டேன். இதுவா சம்மதம்? ஆராயப்படுவோரைத் தன்விருப்பம் உடையோராக மதிப்பதையும், ஆய்வின் சுமையை எளியோர்மேல் ஏற்றாதிருப்பதையும் அமெரிக்காவில் ஆய்வு அறநெறிகளை வகுத்த 1979-ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கையே வற்புறுத்தியது. தேர்வுக்குமுன் இனத்தைக் குறிக்கச் சொல்வதே கறுப்பின மாணவரின் மதிப்பெண்ணைக் குறைத்ததாக உளவியலாளர் ஸ்டீலும் ஆரன்சனும் 1995-இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டனர். பின்வந்த சோதனைகளில் அவ்விளைவு சிறுத்ததாயினும், முதற்பக்கக் கட்டத்தை நியாயப்படுத்த அது போதாது.

மலேசிய ஆய்வை நடத்திய பொருளியல் அறிஞர் இருவர்மீதும் எனக்குள்ள குறை ஒன்றே: அவர்களின் விண்ணப்பங்களில் இந்தியப் பெயர் ஒன்றும் இல்லை.

நேரம் குறைவாதலால் இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி மட்டும் செல்கிறேன். பினாங்கு ஆலைகளுக்கு இந்தியப் பெயர்களையும் சேர்த்து அதே சோதனை நடத்தப்பட வேண்டும். அரசுப் பணிக்கும் அவ்வாறே. மதிப்பெண் இடுபவர் வினாப்படிவம் கொடுக்கலாகாது. இனக்கட்டம் அவசியமானால் இறுதிப் பக்கத்துக்குப் போகட்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வந்தோரின் தடம் தனி ஆய்வுக்குரியது. ஆய்வின் முடிவை ஆராயப்பட்ட மாணவருக்கே முதலில் தெரிவிக்கும் முறையை யாரேனும் வகுத்துத் தருவாராக.