வழித்துணைக்கு விடை



சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு நம் தஞ்சை வயல்களுக்கு வருகிறார்கள். அவர்கள் கிடை போட்டால் நம் மண்ணுக்கு உரம். இரவெல்லாம் அந்தக் கிடைக்குக் காவல், அவர்களுடைய நாய்.

மாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், வரப்போரம் ஒரு கீதாரி அழுதுகொண்டு நின்றார். பல ஆண்டுகள் கூடவே நடந்த நாய் இரவில் இறந்துவிட்டது. "நாளைக்குக் கிடையை மாத்தணும் சாமி. இதை எங்கே புதைச்சாலும் அடுத்த போகத்துக்கு உழுதுருவாங்களே" என்றார்.

'நாய்தானே' என்று சொல்ல வாயெடுத்தோம். இறையியல் படித்த நமக்கு அவ்வளவுதான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டோம். வயல்காரரிடம் கேட்டு, களத்துமேட்டு வேப்பமரத்தடியில் குழி வெட்டினோம். மரத்தடியை எவரும் உழுவதில்லை.

தோபித்து நூலை நினைத்துக்கொண்டோம். தோபியா வானதூதர் இரபேலோடு பயணம் புறப்பட்டபோது நாயும் உடன் சென்றது. திரும்பியபோதும் பின்னால் வந்தது. அது அற்புதம் எதுவும் செய்யவில்லை, கூட நடந்தது. அதையும் விவிலியம் விட்டுவிடவில்லை. சிட்டுக்குருவி ஒன்றையும் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் இயேசு கற்பித்தாரே!

கழுத்துக் கயிற்றை மடியில் முடிந்துகொண்டு கீதாரி மறுநாள் புறப்பட்டார். கல்லறைக்குத் திரும்பிவர முடியாதவர்களின் நினைவையும் இறைவன் காக்கிறார். பிறருடைய கண்ணீரைச் சிறிதென்று எண்ணாத இதயத்தை அவரிடம் கேட்போம்.

ஆமென்.