மாநாட்டு வாயிலில் வெடி வேண்டா

(விருதுநகரில், மாநாட்டுப் பணிக்கு முன்வந்த உளவியல் முதுகலை மாணவரிடையே ஆற்றிய உரை)



உங்கள் துறையறிஞர் கூடும் மாநாட்டை ஒழுங்கு செய்யும் பொறுப்பை, எவரும் ஏவாமலே நீங்களாக முன்வந்து ஏற்றிருக்கின்றீர்கள். கூலியில்லை, மதிப்பெண்ணும் இல்லை. தேர்வு நெருங்கும் நாளில் இச்சுமையைத் தோள்மேற் கொண்டமைக்காக முதற்கண் உங்களைப் பாராட்டுகின்றேன். பாராட்டிய வாயாலேயே சில குறைகளையும் சொல்லப் போகின்றேன், பொறுத்தருள்க.

நேற்று மாலை அழைப்பிதழின் வரைவை என்னிடம் காட்டினீர்கள். வெடி நேர்ச்சியில் உயிர்பிழைத்தோரின் உளநிலை பற்றி ஓர் அமர்வே வைத்திருக்கின்றீர்கள், மகிழ்ந்தேன். ஆனால் நான்கு பக்கத்திலும் தமிழெழுத்து ஒன்றைத் தேடித் தேடிக் கண் சலித்தேன். இறுதிப் பக்கத்தில் நம் ஊர்ப்பெயர், அதுவும் ஆங்கிலத்தில்! எவரைப்பற்றிப் பேசப் போகின்றோமோ, அவர் தம்மைப்பற்றித்தான் பேசுகின்றார்கள் என்பதையே அறியாவண்ணம் ஒரு மாநாடு!

மாநாட்டு வேலையென்றால் நாற்காலி போடுவதும், பெயரட்டை குத்துவதும், பேராசிரியர்க்குக் குளம்பி கொண்டுபோய்க் கொடுப்பதுமே என்று பலர் எண்ணுகின்றனர். (மாணவரை அவ்வளவிலேயே நிறுத்திவைக்கும் பெரியோரும் உளர், அவரை விடுவோம்.) எம்மொழியில் பேசுவது, எவரை அழைப்பது, எவர்க்கு எத்துணை மணித்துளி என்று முடிவு செய்கின்றவரே மாநாட்டின் கருத்தையும் முடிவு செய்கின்றவர். 1964 சனவரியில் தில்லியில் கீழைக்கலை அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தனிநாயக அடிகளும் வ. அய். சுப்பிரமணியமும் பிறரும் ஒருங்கிருந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தேவிட்டது. ஒரு சிலர் தொண்டில் முளைத்தது அது.

இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் உளவியலுக்குத் தனித்துறை கண்டது 1916 இல். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே 1916 இல்தான்! இரண்டும் ஒத்த அகவையின. நூறாண்டு கடந்தும் ஒன்றன் முகத்தை மற்றொன்று சரியாகப் பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

உள்ளநூலைத் தமிழிற் பேசவியலாது என்பாரைத் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது செய்யுட்கு வகுத்த இலக்கணம். அதுவே இன்றைய உளவியல் என்று நான் மிகைபடக் கூறேன். ஆயினும் அழுகைக்கு நான்கு நிலைக்களன் காட்டுமிடத்து, இழவோடு வறுமையையும் சேர்த்து எண்ணியவர் தொல்காப்பியர். பட்டாசுச் சாலை வெடியில் கணவனை இழந்தவளின் அழுகையில் இழவு எது, வறுமை எது என்று எவரால் பிரிக்கவியலும்? உங்கள் வினாநிரலில் வறுமைக்கு ஒரு வினாவேனும் உண்டா?

வினாநிரல் என்றதும் இன்னொன்று. ஆங்கில வினாக்களைத் தமிழாக்கி, வேறொருவரைக்கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறையைக் கற்றிருப்பீர்கள். 1970 இல் பிரிசுலின் விளக்கியெழுதிய முறை. நல்ல முறைதான். அதற்கும் அகப்படாத பிழை உண்டு. 'மருந்து' என்னும் சொல்லைப் பாருங்கள். உங்களுக்கு அது நோய் தீர்ப்பது. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுச் சாலையிலோ, வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்கே மருந்தென்று பெயர். 'மருந்தென்றால் அச்சமா?' என்று கேட்டால், தீப்புண்ணோடு மருத்துவமனைப் படுக்கையிற் கிடப்பவள் எந்த மருந்தை நினைத்து விடை சொல்வாள்? பெயர்த்தவரும் திருப்பிப் பெயர்த்தவரும் பட்டணத்தாராயின் இருவர் தாளும் அழகாகப் பொருந்திவிடும். பிழை மட்டும் அப்படியே நிற்கும். 'ஈரக்குலை நடுங்குகிறது', 'தலை கனத்துக் கிடக்கிறது' என்று நம் பெண்டிர் சொல்வதை உடல்நோயென்று எழுதிக்கொள்வதும் இத்தகையதே.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதின்மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் அங்கு வேலை செய்தவரல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊரார். 2021 பிப்பிரவரி 12 அன்று சாத்தூரையடுத்த அச்சங்குளத்தில் இருபதின்மேற்பட்டோர் மாண்டனர். செய்தித்தாளின் கணக்கு மாண்டவரோடு முடிந்துவிடும். பிழைத்தவளோ சில திங்களில் மீண்டும் ஒரு சாலைக்கே போகின்றாள். வானம் பார்த்த கரிசலில் வேறு பிழைப்பில்லை. அஞ்சியதை விட்டு விலகுதல் நோயின் அடையாளம் என்று உங்கள் நூல் கூறும். அஞ்சிய இடத்துக்கே நாட்கூலிக்காக நாடோறும் போகின்றவளை எப்பட்டியலிற் சேர்ப்பீர்கள்? இவ்வினாவை எழுப்ப இம்மண்ணைவிடத் தக்க இடமேது? அவளும் கேட்டு விளங்கிக்கொள்ளத் தமிழைவிடத் தக்க மொழியேது?

ஆகவே அவ்வோர் அமர்வையாவது முழுதும் தமிழில் நடத்துங்கள். அதனை ஞாயிறன்று வையுங்கள். வேலைநாளில் வைப்பீராயின் வருவோர்க்கு ஒருநாட் கூலியை எடுத்துவையுங்கள். தீவாளிக்கு முந்திய திங்கள்கள் வேண்டா. அப்போது சாலைகளில் மூச்சுவிட நேரமிராது. வருகின்றவரை மேடையேற்றித் தழும்பைக் காட்டச் சொல்லாதீர்கள். அவையில் அமர்ந்து கேட்கட்டும், விரும்பினாற் பேசட்டும். வெளியூர் அறிஞர்க்குத் தமிழ் வாராதெனின், பக்கத்திலிருந்து ஆங்கிலத்திற் சொல்ல உங்களில் இருவர் போதும். இத்தனை நாளும் நம் மக்களன்றோ விளங்காமல் அமர்ந்திருந்தனர்! ஒரு பிற்பகல் அவர் அமரட்டும்.

1922 இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்றுவந்தனர். கற்றது அயலூரில், இங்குள்ளார்க்குச் சொல்லிக்கொடுத்தது தமிழில். கைத்தொழிலுக்கு இயன்றது உளவியலுக்கு ஏன் இயலாது?

மாநாட்டுத் தலைவர் வரும்போது வாயிலில் பத்தாயிரம் சரம் கொளுத்துவதாக நண்பர் ஒருவர் பெருமையோடு சொன்னார். நம் பக்கத்து வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று அவையில் இருக்கப்போகின்றவர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். பறை முழங்கட்டும், வெடி வேண்டா.

அழைப்பிதழின் பின்புறம் வெறுமையாக உள்ளது. 2022 முதல் நாடு முழுதும் இயங்கும் உளநல உதவித் தொலைபேசி எண் 14416. அதனை அங்குப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். தமிழிலும் பேசலாம் என்பதையும் சேருங்கள். வரைவைத் தமிழில் எழுதிக்கொண்டு வரும் கிழமை வாருங்கள். மெய்ப்பு நான் பார்த்துத் தருகின்றேன்.