பிறருக்கு உரைத்த சொல்



ஆண்டு விழாவில் சில நிமிடங்கள் பேசவேண்டுமென்று செயலாளர் பணித்தபோது நாம் பெரிதும் தயங்கினோம். நமது கை கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய கை. நாவோ மேடை ஏறிப் பழகியதன்று. மேலும், நாம் பேச எண்ணியது கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றியது. இச்சபையிலோ முருகனையும் மாரியம்மனையும் வணங்குவோரே பலர். எனினும், தொடங்கிய காரியத்தை நடுவழியில் நழுவவிடுதல் எம்மதத்தார் வீட்டிலும் உள்ளதே. ஆதலின் பொறுமையுடன் கேட்பீர்களென்று நம்புகிறோம்.

மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வே வேலையேற்றுக் கார்டன் ரீச்சுக்கு வந்தபோது, இலாகாப் பரீட்சை எழுதி மேலே வரவேண்டும் என்பதே நமது குறிக்கோளாயிருந்தது. இருமுறை எழுதினோம், இருமுறையும் தவறினோம். பின்பு புத்தகங்கள் அலமாரியின் மேல் ஏறின. மாலை நேரம் சீட்டாட்டத்திலும் ஊர்வம்பிலும் கழிந்தது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் சென்றோம். ஆனால் உடல் சென்றதேயன்றி உள்ளம் சென்றதில்லை. ஒருநாள், படிக்காமல் திரிந்த மகனைக் கடிந்துகொண்டோம். அவன் அஞ்சாமல், “அப்பா, உங்கள் பரீட்சை என்ன ஆயிற்று?” என்றான். அடிக்க ஓங்கிய கை தானே தாழ்ந்தது. வீட்டுக்காரியோ அடுக்களையில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் கழிந்த சில தினங்களில், ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு செயிண்ட் பால் பேராலயத்திற்குச் சென்றோம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராக 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் அபிஷேகம் பெற்றது அவ்வாலயத்திலேதான். இந்நகரில் இத்தனை ஆண்டுகள் வாழும் தமிழருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

அவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்றும், பரீட்சைச் சமயத்தில் நோய்வாய்ப்பட்டுப் பட்டம் பெறாமலே வெளியேறியவர். இதை அறிந்தபோது நமக்குச் சற்றே ஆறுதல் உண்டாயிற்று, மறைப்பானேன்! பின்பு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகித் தென்னாடெங்கும் பயணஞ் செய்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் திரட்டிப் பிறநாட்டுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நம்மவர் ஏன் அங்ஙனம் செய்யவில்லை என்ற கேள்வி அவரைத் தைத்தது. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. 1905இல் கிறிஸ்துமஸ் நாளன்று, நம் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூரிலே தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தபோதும் அவர் முன்னணியில் நின்றார்.

இவ்வளவும் பிறரைப் போகச் சொன்ன வேலை. தாம் போகவில்லையே என்னும் குத்தலுக்கு விடையாக, 1909இல் செயலாளர் பதவியைத் துறந்து, குருப்பட்டம் ஏற்று, மனைவி மக்களுடன் தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. நாம் ஊருக்குச் செல்கையில் விஜயவாடாவைக் கடக்கிறோமன்றோ? அங்கிருந்து வாரங்கல் நோக்கிப் பிரியும் பாதையிலுள்ள சந்திப்பு நிலையமே அது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குக் கிளைப்பாதை அங்கிருந்துதான் செல்கிறது. அந்நாளில் அது நிஜாம் ராஜ்யம்; மொழியோ தெலுங்கு. அம்மொழியைக் கற்று, வண்டியிலும் கால்நடையாகவும் கிராமங்களைச் சுற்றினார். மசூதியின் ஸ்தூபிகளும் கோயிற் தூண்களும் கலந்த பாங்கில் அவர் எழுப்பிய பேராலயம் 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1945 ஜனவரி முதல் நாள் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். 1910இல் எடின்பரோவில் வெள்ளையர் முன்னிலையில் அவர் ஆற்றிய துணிவான உரையைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் நேரம் போதாது. அதனை இன்னொரு விழாவுக்கு வைத்துக்கொள்வோம்.

பேராலயத்தில் மண்டியிட்டபோது பரீட்சையில் தேறவேண்டுமென்று நாம் ஜெபிக்கவில்லை. கர்த்தர் கொடுத்த மாலைப்பொழுதுகளை எங்கே செலவிட்டோம் என்று கணக்கு ஒப்புவித்தோம். கணக்கெழுதும் உத்தியோகம், ஆயினும் அக்கணக்கு ஒப்பேறவில்லை. கண்ணீர் வந்தது. உறவினர் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபித்த மாத்திரத்தில் விதிநூல் மூளையில் ஏறிவிட்டதென்று சொன்னால் அது பொய்யாகும். நாற்பதைக் கடந்தவனுக்கு நேற்றுப் படித்தது இன்று மறக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஓர் அதிகாரம் வேதாகமமும் பின்பு ஒரு பாடமும் படிக்கிறோம். சில நாள் உறக்கம் வென்றுவிடுகிறது; மறுநாள் மீண்டும் எழுகிறோம். சீட்டாட்ட நண்பர்கள் முதலிற் கேலி செய்தனர். அவருள் ஒருவர் இப்போது தம் பழைய புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மகனும் அதே மேசையின் மறுபுறத்தில் உட்காருகிறான். விளக்கு ஒன்றுதான். நாம் தூங்கி வழிந்தால் மேசையைத் தட்டும் உத்தியோகத்தை அவன் மிகுந்த விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டிருக்கிறான். மூன்றாம் முறை எழுதுவதற்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று.