டிவைடிங் சிஸ்டமும் ஜமைக்கா கடற்கரையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "பத்துப் பதினைந்து நிமிஷம் பேசுங்க. டெக்னிக்கலா மட்டும் வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னாடி ஜனங்க தூங்கிடுவாங்க" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பம்பும் வால்வும்தான். அதை விட்டால் குடும்பக் கதைதான் பாக்கி. ஆகவே, 2023 டிசம்பரில் நாங்கள் குடும்பம் குடும்பமாக ஜமைக்கா போன கதையைச் சொல்லப் போகிறேன். "இவன் வெளிநாட்டுப் பெருமை பேச வந்துவிட்டான்" என்று நினைக்க வேண்டாம். கதை கடைசியில் நம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குத்தான் வந்து சேரும்.

நாங்கள் ஹாஸ்டலில் ஒரே விங்கில் இருந்த ஐந்து பேர். நாலு பேர் அமெரிக்காவில், ஒருவன் டொரண்டோவில். எல்லோருக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, பேச்சு வாட்ஸ்அப் குரூப்போடு நின்றுபோனது. "ஒரு தடவையாவது அஞ்சு குடும்பமும் ஒண்ணா இருக்கணும்டா" என்று ஒருவன் ஆரம்பித்தான். ஜமைக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் முன்கூட்டி விசா வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு டிசம்பர் லீவு. ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் சீசனும் முடிந்திருக்கும். மாண்டிகோ பே என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு ரிசார்ட். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நொறுக்குத் தீனி, பானங்கள், படகு, விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில். போய் இறங்கியதும் கையில் ஒரு பட்டையைக் கட்டி விடுவார்கள். அதன் பிறகு பர்ஸைத் தொட வேண்டாம்.

இதை அவர்கள் 'ஆல் இன்க்ளூசிவ்' என்கிறார்கள். எனக்கு அதைப் படித்ததும் நம் மெஸ்தான் ஞாபகம் வந்தது. டே ஸ்காலர்களுக்காகச் சொல்கிறேன்: டிவைடிங் சிஸ்டம் என்றால், மாதம் முழுக்க மெஸ்ஸுக்கு ஆன செலவைக் கூட்டி, எல்லோரும் இருந்த நாட்களைக் கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு நாள் ரேட். இரண்டு இட்லி சாப்பிட்டவனுக்கும் பன்னிரண்டு இட்லி சாப்பிட்டவனுக்கும் ஒரே ரேட். ரிசார்ட் கணக்கும் அதேதான். குடிக்காத நான், நாள் முழுக்கக் குடிக்கிற ஒருவருக்குக் காசு கட்டுகிறேன். சைவக்காரர், லாப்ஸ்டர் சாப்பிடுகிறவருக்குக் கட்டுகிறார்.

இந்த யோசனை பழசு. 1950-ல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்து 'கிளப் மெட்' என்று தொடங்கினார். அங்கே காசுக்குப் பதில் மணிகளைக் கொடுத்துப் பானம் வாங்கும் பழக்கம் வந்தது. ஜமைக்காவில் 1981-ல் கார்டன் ஸ்டூவர்ட் என்ற உள்ளூர்க்காரர் இதே மாண்டிகோ பேயில் 'சாண்டல்ஸ்' ஓட்டலைத் தொடங்கினார். அதன் பிறகு இந்த முறை கரீபியன் தீவுகள் பலவற்றிலும் பரவியது.

சரி, கதைக்கு வருகிறேன். ஐந்து அறை எடுத்தால் குரூப் ரேட். நாலாகக் குறைந்தால் ரேட் ஏறும். ஆகஸ்டிலேயே குடும்பத்துக்கு 600 டாலர் முன்பணம் கட்டினோம். திரும்பக் கிடைக்காத பணம். மீதியை நவம்பர் கடைசிக்குள் கட்ட வேண்டும். கணக்குப் பிள்ளை நான்தான். நாலு பேர் கட்டி விட்டார்கள். ஒருவன் மட்டும் கட்டவில்லை, பதிலும் போடவில்லை. நான் குரூப்பில், "காசு கட்டாத கஞ்சனுக்குப் பஃபேயில் டோக்கன் கிடையாது" என்று எழுதினேன். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவனும் ஒன்று போட்டான்.

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அவன் போன் செய்தான். "மாப்ளே, வேலை போயி ரெண்டு வாரம் ஆச்சுடா" என்றான்.

அங்கே எங்களைப் போல ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி மனுப் போட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அந்த அறுபது நாளில் நாட்டை விட்டு வெளியே போனால், வேலை இல்லாமல் அந்த விசாவைக் காட்டித் திரும்ப உள்ளே வர முடியாது. மனைவி, பிள்ளைகளின் விசாவும் இவன் வேலையோடு கட்டியதுதான். அதாவது, நாங்கள் ஓசியில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றாலும் அவனால் வர முடியாது. அவன் வராவிட்டால் மற்ற நாலு பேருக்கும் ரேட் ஏறும். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான்.

இங்கே நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் வருஷம் என் அப்பாவுக்கு ஆபரேஷன். வீட்டிலிருந்து பணம் வரவில்லை. எனக்கு இரண்டு மாத மெஸ் பாக்கி. பாக்கி இருந்தால் நோ டியூஸ் கையெழுத்துக் கிடையாது, அது இல்லாமல் ஹால் டிக்கெட் கிடையாது. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆபீசில் போய் நின்றால், "உன் பாக்கி கட்டியாச்சேப்பா" என்றார் கிளார்க். கட்டியவன் இவன்தான். ஜி.ஆர்.இ. பரீட்சைக்கென்று சேர்த்து வைத்த பணம். அதனால் அவன் மேல்படிப்பு ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. திருப்பிக் கேட்டதே இல்லை. நான் சம்பளம் வாங்கிய பிறகு கொடுத்ததோடு சரி. அவனைத்தான் பத்துப் பேர் பார்க்கக் 'கஞ்சன்' என்று எழுதினேன். போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் சம்மதத்தோடு மற்றவர்களிடம் சொன்னேன். எல்லோரும் கேன்சல் பண்ணலாம் என்றார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "பசங்க ஸ்கூல்ல எல்லாம் சொல்லிட்டு இருப்பாங்க. போய்ட்டு வாங்கடா" என்றான். ஏறிய ரேட்டை நாலாக வகுத்துக் கட்டினோம். அவன் இழந்த 600 டாலரையும் நாலாக வகுத்து அனுப்பினோம். மறுநாளே திருப்பி அனுப்பி விட்டான். "மெஸ் ரெடக்‌ஷன் ரூல் மறந்து போச்சா? முன்னாடியே எழுதிக் கொடுத்தாத்தான் கழிவு. நான் எழுதிக் கொடுக்கலையே" என்று ஒரு வரி.

நாலு குடும்பம் போனோம். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஏழு பேர், டொரண்டோ நண்பனின் அம்மா ஒருவர். இடம் அழகு, அதில் சந்தேகமில்லை. கரைக்கு வெளியே பவளப் பாறைத் திட்டு இருப்பதால் அலை அங்கேயே உடைந்து விடுகிறது. மெரினாவில் அலையைப் பார்த்துப் பழகியவனுக்கு, இது கடலா, ஏரியா என்று தோன்றும். பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு இறங்கினால் சாயங்காலம்தான் ஏறின.

சாப்பாட்டைப் பற்றித்தான் பயந்தோம், ஏனென்றால் இரண்டு குடும்பம் சைவம். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். காலை பஃபேயில் ஒரு கீரையைப் பார்த்து, "இது நம்ம தண்டுக்கீரை மாதிரியே இருக்கேடா" என்றார். அங்கே அதைக் கலாலூ என்கிறார்கள். முளைக்கீரை, தண்டுக்கீரை வகைதான். சோற்றில் சிவப்பு பீன்ஸும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேக வைத்து 'ரைஸ் அண்ட் பீஸ்' என்கிறார்கள். சீமைப்பலாவைச் சுட்டுத் தருகிறார்கள். அந்த மரத்தை 1793-ல் கேப்டன் பிளை கப்பலில் கொண்டு வந்து இறக்கினார், கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடுவதற்காக. ஆட்டுக்கறிக் குழம்பு அவர்களுடைய விருந்துச் சாப்பாடு. அது வந்த வழி நம் நாட்டு வழி. 1838-ல் அடிமைகளுக்கு முழு விடுதலை கிடைத்த பிறகு தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1845 மே மாதம் முதல் கப்பல் இந்தியக் கூலிகளோடு ஓல்டு ஹார்பர் பேயில் வந்து நின்றது. வந்தவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர்கள். அவர்களும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான். வேலை முடிந்தால் என்ன ஆவோம் என்று கவலைப்பட்டவர்கள்தான். அதைக் கேட்டபோது எங்களுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோட்ட வேலை செய்யும் ஒரு பெரியவர் நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் கிரிக்கெட் பேச வந்து விட்டார். மைக்கேல் ஹோல்டிங்கும் கோர்ட்னி வால்ஷும் அவர் நாட்டுக்காரர்கள் என்ற பெருமை. நானும் விடவில்லை. 1971-ல் இந்தியா முதன்முதலாக வெஸ்ட் இண்டீஸை அவர்கள் மண்ணிலேயே ஜெயித்த தொடரில், நம் பக்கம் அதிகமாக 22 விக்கெட் எடுத்த வெங்கட்ராகவன் எங்களைப் போல இன்ஜினியரிங் படித்தவர் என்று சொன்னேன். மனுஷன் சிரித்துக் கைகொடுத்தார். "சாயங்காலம் பீச்சில் பசங்களோடு ஒரு மேட்ச் போடலாமே, உங்கள் பேரன்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றேன். அவர் சிரிப்பு நின்று விட்டது. "அவர்கள் இங்கே வர முடியாது சார்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். எங்கள் மணல் முடிகிற இடத்தில் ஒரு கயிறு, பக்கத்தில் ஒரு காவலாளி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் உள்ளூர்ப் பிள்ளைகள். ஜமைக்காவில் 1956-ல் வந்த கடற்கரைச் சட்டப்படி அலை தொடும் கரை அரசுக்குச் சொந்தம். அதில் போய்க் குளிக்கவோ நடக்கவோ பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை கிடையாது. உரிமம் வாங்கிய ஓட்டல்கள் வேலி கட்டிக் கொள்ளலாம். இதை மாற்ற வேண்டும் என்று அந்த நாட்டு மக்களே குரல் கொடுத்து வருகிறார்கள். நம் மெரினாவில் யாரும் யாரையும் டிக்கெட் கேட்பதில்லை. அதன் அருமை எனக்கு அந்தக் கயிற்றடியில்தான் தெரிந்தது. எல்லாம் அடங்கியது என்று கையில் பட்டை கட்டினார்கள். அந்தப் பெரியவரின் பேரன்கள் அடங்கவில்லை. எங்கள் ஐந்தாவது நண்பனும் அடங்கவில்லை.

ஏழு நாளும் நாங்கள் குரூப்பில் போட்டோ போடவில்லை. அவன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று பேசி வைத்துக் கொண்டோம். நாலாம் நாள் அவனே, "எங்கடா போட்டோ? இங்க பசங்க கேக்குறாங்க" என்று எழுதினான். எங்கள் கருணையும் அவனைத் தள்ளித்தான் வைத்தது என்று அப்புறம் புரிந்தது.

அறுபது நாளில் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் குடும்பத்தோடு ஊர் திரும்பினான். முதல் ஆறு மாதம் சிரமம், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். அவன் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். யார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள்!

2025 ஜூலையில் லீவுக்கு வந்தபோது ஐந்து குடும்பமும் குற்றாலம் போனோம். ஒரு வீடு வாடகைக்கு. சமையல் நாங்களே. செலவைத் தலைக்கு வகுத்துச் சுவரில் ஒட்டினோம், சுத்த டிவைடிங் சிஸ்டம். பிள்ளைகளைக் கேட்டால் ஜமைக்காவை விட இதுதான் நன்றாக இருந்ததாம். அருவியில் எங்களோடு குளித்தவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. கயிறும் இல்லை.

அதே 2025 அக்டோபர் 28-ஆம் தேதி 'மெலிஸா' என்ற ஐந்தாம் நிலைப் புயல் ஜமைக்காவின் மேற்குப் பகுதியில் கரையேறியது. டி.வி.யில் கூரை இல்லாத வீடுகளைப் பார்த்தபோது அந்தத் தோட்டக்காரப் பெரியவரை நினைத்தேன். எங்கள் அறையைத் தினமும் கூட்டிய அம்மாவை நினைத்தேன். நிவாரண நிதிக்குப் பணம் அனுப்பினோம். ஆனால் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வழியில்லை. ஏழு நாள் இருந்தோம், ஒரு போன் நம்பர் கூட வாங்கி வரவில்லை.

தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் குரூப்பில் டூர் பிளான் போடும்போது ஒருவன் பேசாமல் இருந்தால், குரூப்பில் கேலி செய்யாதீர்கள். தனியாக ஒரு போன் போடுங்கள். அந்த ஒரு போனை நான் போடவில்லை, அவன்தான் போட்டான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆடிட்டோரியத்துக்கு ஏ.சி. போட நன்கொடை கேட்டிருக்கிறீர்கள், நல்லது. அதற்கு முன்னால் ஒரு சின்ன நிதி வையுங்கள். மெஸ் பாக்கிக்காக எந்த மாணவனுக்கும் ஹால் டிக்கெட் நிற்கக் கூடாது. கட்டியது யார் என்று மாணவனுக்குத் தெரிய வேண்டாம், வாங்கியது யார் என்று நமக்கும் தெரிய வேண்டாம். மெஸ் ஆபீசுக்கு மட்டும் தெரிந்தால் போதும். எங்கள் ஐந்து பேர் சார்பில் முதல் தவணையை இன்று செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். ஐந்தாக வகுத்துத்தான் கொடுத்தோம். இந்தத் தடவை அவன் பங்கை அவன் எழுதிக் கொடுத்து விட்டான்.