வலைப்பக்கத்தைக் காதால் சோதியுங்கள்

பள்ளிக்கூடம், நூலகம், கூட்டுறவுச் சங்கம், சிறு கடை என்று இன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஓர் இணையதளம் இருக்கிறது. அதைச் செய்து கொடுப்பவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் கணினி படித்த ஓர் இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருப்பார். வேலை முடிந்ததும் நாலு பேர் திரையைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். "படமெல்லாம் பளிச்சுன்னு வந்திருக்கு, கலர் நல்லா இருக்கு" என்பார்கள். அதோடு சோதனை முடிந்துவிடும். அந்தப் பக்கத்தை ஒருமுறையாவது காதால் கேட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஒரு பக்கம் சரியாக அமைந்திருக்கிறதா என்பதைக் காதைப்போல் தெளிவாகச் சொல்லக்கூடிய கருவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வலைப்பக்கம் என்றால் பலருக்கும் வண்ணமும் படமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் அடியில் இருப்பது வெறும் எழுத்து. 1990-இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவியில், பக்கத்தைப் படிக்கவும் முடியும், அதே இடத்தில் எழுதவும் முடியும். இன்றும் ஒரு வலைப்பக்கம் செய்ய நோட்பேட் போதும். எழுத்துக்கு நடுவே எச்.டி.எம்.எல். குறிகளை இடுகிறோம். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது பொத்தான் என்று ஒவ்வொரு துண்டும் இன்னது என்பதை அந்தக் குறிகள் சொல்கின்றன. எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தனியாக வேறோர் இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இந்தக் குறிகளின் அருமை பார்வையற்ற ஒருவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கணினியில் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். அது திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும். ஒரு நீண்ட பக்கத்தை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். எச் என்ற விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். வானொலிச் செய்தியில் முதலில் தலைப்புச் செய்திகளைக் கேட்டுவிட்டு, வேண்டிய செய்திக்குக் காதைத் தீட்டிக்கொள்கிறோமே, அந்த வசதிதான் இதுவும். ஆனால் பக்கத்தைச் செய்தவர் தலைப்புக்குத் தலைப்பு என்ற குறியைப் போடாமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டால் என்ன ஆகும்? கண்ணுக்கு அது தலைப்பாகவே தெரியும். திரைவாசிப்பானுக்கு அந்தப் பக்கத்தில் தலைப்பே கிடையாது. அவர் எச் விசையை அழுத்திக்கொண்டே இருப்பார், குரல் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தத் திரைவாசிப்பான்களில் என்.வி.டி.ஏ. என்ற ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் இதை எழுதத் தொடங்கினார். பின்னர் ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். சிறு வயதில் ஓர் இசை முகாமில் சந்தித்துப் பழகியவர்கள். அந்தக் காலத்தில் நல்ல திரைவாசிப்பான் வாங்க வேண்டுமானால் ஒரு கணினியின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பார்வை உள்ளவர் வாங்குகிற அதே கணினியை, பார்வையில்லாதவர் ஏன் இரண்டு மடங்கு விலை கொடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், இலவசமாக ஒன்றைத் தாங்களே செய்து உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். விண்டோஸ் உள்ள கணினியில் அதை இறக்கிக்கொள்ளலாம். அதோடு சேர்ந்து வரும் ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழும் பேசும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். பழகியவர்கள் அதை நாம் நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். வலைப்பக்கம் செய்கிற ஒவ்வொருவர் கணினியிலும் இது இருக்க வேண்டும் என்பேன்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1990-களில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. உண்மையில் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துகளும் சில குறிகளும்தான். அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுவதும் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் பொதுத்தரம் வகுத்தார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறி வந்ததால் தேடல் எளிதாயிற்று என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் என்னை நெகிழ வைப்பது வேறொன்று. 'அ' என்ற எழுத்து கணினிக்குள்ளும் 'அ' ஆகவே இருக்கத் தொடங்கியபோதுதான், ஓர் இயந்திரக் குரல் தமிழ்ப் பக்கத்தை வாசிப்பது நடக்கக்கூடியதாயிற்று.

ஆனாலும் இன்றைக்கும் ஒரு சிறு குறை பல பக்கங்களில் தங்கியிருக்கிறது. பக்கத்தின் தொடக்கத்திலேயே, இந்தப் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எச்.டி.எம்.எல். என்ற முதல் குறிக்குள் 'லேங்' என்று எழுதி, சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் 'டி', 'ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டால் போதும். தமிழ் என்று பொருள். பல வார்ப்புருக்களில் அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கான 'ஈ', 'என்' முன்கூட்டியே இருக்கும். நம் ஆட்கள் உள்ளே தமிழை நிரப்பிவிட்டு, அதை மாற்றாமலே வெளியிட்டுவிடுகிறார்கள். திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்கப் பார்க்கும். சில குரல்கள் உளறும், சில பேசாமலே போய்விடும். இரண்டு எழுத்து செய்கிற வேலை இது.

இதைவிடப் பெரிய துன்பம், சுற்றறிக்கையை நகலெடுத்துப் படமாக ஏற்றுவது. கடைசித் தேதி, கட்டணம், யாரெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். கேட்பவருக்குக் கிடைப்பது "படம்" என்ற ஒரே சொல். படத்தில் இருப்பதைச் சொல்லில் தரும் மாற்று உரையை எழுதுங்கள் என்று சொல்வது இதனால்தான். சுற்றறிக்கை போன்ற நீண்ட உரையென்றால் அதைத் தட்டச்சு செய்து எழுத்தாகவே போட்டுவிட வேண்டும்.

இனி, சோதிக்கும் கருவிகளுக்கு வருவோம். குறிகளில் எழுத்துப்பிழை இருந்தாலும் உலாவி காட்டிக்கொடுக்காது. மூடாமல் விட்ட குறியைத் தானே மூடிக்கொண்டு, எப்படியாவது பக்கத்தைக் காட்டிவிடும். ஆகவே பிழையைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டியிருந்தது. கனடாவைச் சேர்ந்த ஜெரால்டு ஆஸ்கோபாய்னி அப்படி ஒன்றைச் செய்தார். 1997-இல் அது வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சேவையாக ஆயிற்று. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், எந்த வரியில் என்ன பிழை என்று அது இன்றும் இலவசமாகச் சொல்கிறது.

அணுக்கத்தை, அதாவது பக்கத்தை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்பதைச் சோதிக்க வேவ் என்ற கருவி இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்எய்ம் குழு இதை நடத்துகிறது. மாற்று உரை இல்லாத படம், பெயர் இல்லாத படிவப் பெட்டி, மங்கலான எழுத்து எல்லாவற்றையும் பக்கத்தின்மேலேயே அடையாளமிட்டுக் காட்டும். அந்தக் குழு ஆண்டுதோறும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்து முடிவை வெளியிடுகிறது. 2024-இல் 95.9 விழுக்காடு பக்கங்களில் பிழை இருந்தது. 81 விழுக்காட்டில் மங்கலான எழுத்து, பாதிக்கும் மேற்பட்டவற்றில் மாற்று உரை இல்லாத படம். இவை பெரிய பெரிய நிறுவனங்களின் பக்கங்களையும் சேர்த்துத்தான்.

மங்கலான எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூ3சி விதி. எண்பது வயதை ஒட்டியவர்களுக்கு இயல்பாக இருக்கும் பார்வைக் குறைவை மனத்தில் வைத்துக் கணக்கிட்ட எண் அது. வெள்ளையின்மேல் வெளிர் சாம்பல் எழுத்து இளைஞர்களுக்கு நாகரிகமாகத் தெரியலாம். அந்தப் பக்கத்தில் ஓய்வூதிய விவரம் தேடுகிற தாத்தாவுக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது.

கருவிகள் நல்லவைதான், ஆனால் அவை கொடுக்கிற மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த உரை உண்மையைச் சொல்கிறதா என்று அதற்குத் தெரியாது. முதல்வர் கொடியேற்றும் படத்துக்கு "படம் 3" என்று எழுதினாலும் தேர்ச்சி கொடுத்துவிடும். பிரிட்டிஷ் அரசின் மின்சேவைத் துறையினர் 2017-இல் வேண்டுமென்றே நூற்றுக்கும் மேற்பட்ட தடைகள் கொண்ட ஒரு பக்கத்தைச் செய்து, பல கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த ஒரு கருவியும் பாதித் தடைகளைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. 2019-இல் வியன்னாவைச் சேர்ந்த மனுவேல் மட்டுசோவிச் என்ற வலைப்பக்க உருவாக்குநர் இன்னும் ஒரு படி போனார். யாருமே பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தைச் செய்து, கூகுளின் லைட்ஹவுஸ் கருவியில் அணுக்கத்துக்கு நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டினார்.

ஆகவே கையாலும் காதாலும் செய்ய வேண்டிய சோதனைகளை விடவே கூடாது. மவுஸை ஒதுக்கி வையுங்கள். டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே பக்கத்தில் நகருங்கள். இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது திரையில் தெரிகிறதா? படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா? பாதியில் எங்காவது சிக்கிக்கொண்டால், கை நடுங்கி மவுஸைப் பிடிக்க முடியாத ஒருவரும் அங்கேயேதான் சிக்குவார்.

இது யாரோ இரக்கப்பட்டுச் செய்கிற உதவி என்று எண்ணிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அடையாளம் உறுதி செய்யும்போது, கைபேசி முன்னால் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்கிறார்கள். சிமிட்டக் கண்ணிமையே இல்லாதவர் என்ன செய்வார்? நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அமர்ந்த அமர்வு, மின்வழி அணுக்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, அதற்கான உத்தரவுகளையும் பிறப்பித்தது.

உங்கள் கையில் ஆண்ட்ராய்டு கைபேசி இருந்தால் இன்றே செய்து பார்க்கலாம். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போனால் டாக்பேக் இருக்கும். இயக்குவதற்கு முன், அணைப்பது எப்படி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அது ஓடும்போது ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் வேலை நடக்கும். பிறகு உங்கள் ஊர்ப் பள்ளியின் தளத்தையோ சங்கத்தின் தளத்தையோ திறந்து, திரையைப் பார்க்காமல் ஒரு தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிக்க முயலுங்கள். கிடைக்காவிட்டால் தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதுங்கள். பக்கத்தின் முகவரி, எந்தக் கைபேசி, எந்த இடத்தில் நின்றது, குரல் என்ன சொன்னது என்ற விவரங்களைச் சேர்த்து எழுதுங்கள். விவரம் இருந்தால், செய்து கொடுத்த அந்த இளைஞரால் பெரும்பாலும் ஒரே நாளில் திருத்திவிட முடியும்.