மஞ்சள் கோடு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

விடுமுறையில் பத்து நாள்கள் டோக்கியோ மாநகரில் தங்கி வந்த அனுபவத்தைச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். கோபுரங்களையும் மாளிகைகளையும் பற்றிப் பேச நான் வரவில்லை. 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதி, அச்சிறு வடிவத்தின் பக்கம் நம் கவனத்தைத் திருப்பியவர் மகாகவி பாரதியார். அக்கவிதை பிறந்த மண்ணில் சிறியவற்றையே நான் தேடிச் சென்றேன்.

முதல் நாள், தேநீர் அருந்திய காகிதக் குவளையைக் கையிலேந்தியபடி நெடுந்தொலைவு நடந்தேன். தெருவில் குப்பைத் தொட்டியும் இல்லை, குப்பையும் இல்லை. அவர்தம் ஒழுக்கத்தை எண்ணி வியந்தேன். மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கிகளிலிருந்து குழந்தைப் பாட்டொன்றின் மெட்டு எழுந்து தெருவெங்கும் பரவியது. அவர்தம் இசை நாட்டத்தை வியந்தேன். இரயில் நிலைய நடைமேடையில் ஒரு பறவை கூவிற்று. அண்ணாந்து தேடினேன், பறவையைக் காணவில்லை. இரவு குறிப்பேட்டில் மூன்று கவிதைகள் சேர்ந்தன.

பின்னரே காரணங்களைக் கேட்டறிந்தேன். 1995 மார்ச் 20ஆம் நாள் அந்நகரின் சுரங்க இரயில்களில் ஒரு கூட்டத்தார் சாரின் என்னும் நச்சுப்பொருளைப் பரப்பி உயிர்களைப் பறித்தனர். அதன்பின் பொது இடங்களில் இருந்த தொட்டிகள் பல அகற்றப்பட்டன. மாலை மெட்டோ, பேரிடர் நேரும்போது மக்களை எச்சரிக்க வேண்டிய ஒலிபெருக்கிகள் பழுதின்றி உள்ளனவா என்று நாள்தோறும் பார்க்கும் சோதனை. 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்திலும் தீயிலும் டோக்கியோவும் சூழ்ந்த பகுதிகளும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பறிகொடுத்தன. பறவையின் குரல், பார்வையற்றோர் படிக்கட்டு இருக்கும் இடத்தை அறிவதற்காக ஒலிக்கும் பதிவு.

என் மூன்று கவிதைகளையும் அடித்துவிட்டேன். அவற்றில் வியப்பு இருந்தது. அம்மக்கள் பட்ட துயரமும், அதிலிருந்து பிறந்த அக்கறையும் இல்லை.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். அந்நகரின் நடைமேடைகளில் மஞ்சள் நிறக் கற்கள் பதித்திருக்கிறார்கள். மேடிட்ட கோடுகள் காலில் பட்டால் நடக்கலாம். புள்ளிகள் பட்டால் நிற்க வேண்டும். செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கிய இக்கற்கள் 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. ஊர் திரும்பியதும், பார்வையிழந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் இதை விரிவாகச் சொல்லி, "நம் ஊருக்கு இதெல்லாம் எப்போது வருமோ, ஐயா!" என்று பெருமூச்சு விட்டேன்.

அவர் சிரித்தார். "சென்னை மெட்ரோ நிலையத்தில் அதன் மேல் நடந்துதானே தம்பி நான் கூட்டத்துக்கு வருகிறேன்? யாராவது பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டால்தான் சங்கடம்" என்றார்.

நான் பேச்சற்றுப் போனேன். பயணம் புறப்பட்ட நாளன்று, விமான நிலையம் செல்லும் மெட்ரோ இரயிலுக்காகக் காத்திருந்தபோது, அந்த மஞ்சள் கோட்டின் மேல்தான் என் பெரிய பெட்டியை நிறுத்தியிருந்தேன். அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. பல முறை மிதித்து நடந்த ஒன்றை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போய்த்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நண்பர்களே, அயலூரில் எல்லாமே புதிது. அங்கே கண் தானாக விழித்துக்கொள்கிறது. பழகிய தெருவில் அதை நாம்தான் விழிக்கச் செய்ய வேண்டும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். திங்கள்தோறும் கூடும்போது, ஒவ்வொருவரும் நம் தெருவில் கண்ட ஒன்றை, அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டறிந்து வந்து சொல்வோம். கவிதை அதன் பிறகு வரட்டும்.