கிருமியைக் காட்டும் வெள்ளித் துணி



கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப்பற்றி இன்று பேசப்போகிறோம். பேயைப்பற்றியோ ஆவியைப்பற்றியோ அல்ல. பாக்டீரியா என்னும் கிருமியைப்பற்றியேயாகும். இவைகளுக்குள் வித்தியாசம் என்னவென்றால், "எங்கே காட்டு" என்றால் கிருமியைக் காட்டமுடியும் என்பதுதான்.

ஆனால் காட்ட நாளாகிறதே என்பதுதான் சங்கடம். ஒருவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு இரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தால், அதிலுள்ள கிருமியை வளர்த்து இன்னதென்று சொல்ல ஒரு நாளோ, இரண்டு மூன்று நாளோ ஆகிவிடுகிறது. அதுவரை வைத்தியர் ஊகத்தின்மேல்தான் மருந்து கொடுக்கவேண்டும். ஊகம் தப்பினால் நஷ்டம் யாருக்கு? படுத்திருப்பவனுக்குத்தானே!

இந்தத் தாமதத்தைக் குறைக்க ஒளியைக்கொண்டு வழி தேடுகிறார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் அவர்கள், கே.எஸ். கிருஷ்ணன் அவர்களோடு 1928-ல் கல்கத்தாவில் கண்டது என்ன? ஒரே நிற ஒளியைப் பொருளின்மேல் பாய்ச்சினால், சிதறுவதில் ஒரு சிறு பாகம் நிறம் மாறி வருகிறது. அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறாயிருக்கிறது என்பதாகும். ஆனால் அந்தப் பாகமோ ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு! இதைக்கொண்டு ஒரு கிருமியை எப்படி அறிவது?

1974-ல் இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் பிளைஷ்மானும் அவரது தோழர்களும், சொரசொரப்பாக்கிய வெள்ளியில் ஒட்டிய பொருளிலிருந்து இந்த ஒளி பலமாக வரக் கண்டார்கள். பரப்புக் கூடியதால் பொருள் அதிகமாக ஒட்டியிருக்கிறது என்று காரணமும் சொன்னார்கள். 1977-ல் அமெரிக்காவில் ஜீன்மேரும் வான் டைனும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒளியோ லட்சம் மடங்குக்குமேல் பெருகியிருக்கிறது. பரப்பு அவ்வளவு பெருகவில்லையே! ஆகவே அந்தக் காரணம் போதாதென்று ஏற்பட்டது. வெள்ளியிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுவதால், துகள்களின் இடுக்குகளில் ஒளியின் பலம் பன்மடங்காகிறது என்பது பிறகு விளங்கிற்று. (இதே பிளைஷ்மான் 1989-ல் குளிர்ந்த நிலையிலேயே அணுக்கள் சேர்ந்து சக்தி தருவதாகச் சொன்னார். மற்றவர்கள் செய்துபார்த்தார்கள், வரவில்லை, தள்ளிவிட்டார்கள். ஆளின் பெருமையை யாரும் பார்க்கவில்லை.)

முதலில் இந்த வெள்ளியைக் கண்ணாடி போன்ற விறைத்த தகடுகளில் பூசினார்கள். ஆனால் புண்ணும், பழத்தோலும், குழாயின் உட்புறமும் தட்டையாகவா இருக்கின்றன? ஆகவே காகிதத்திலும், பருத்தித் துணியிலும், ரப்பர்போல் வளையும் சிலிக்கோனிலும் வெள்ளி அல்லது தங்கத் துகள்களை ஏற்றுகிறார்கள். துணியால் இடத்தைத் துடைத்து, லேசர் ஒளியைக் காட்டி, திரும்பி வருவதைக் கருவியில் பார்க்கவேண்டியதுதான். ஒளியைப் பார்க்கும் வேலை சில நிமிஷங்களில் முடியக்கூடியது.

இதோடு வேலை தீர்ந்ததென்று நாம் பொய் சொல்லமாட்டோம். எல்லாக் கிருமிகளும் புரதம், கொழுப்பு என்ற ஒரேவகைச் சரக்கால் ஆனவை. ஒன்றுக்கொன்று ஒளியில் தெரியும் பேதம் சொற்பம். துணியை மடக்கினால் துகள்களின் இடைவெளி மாறுகிறது. ஒரே கிருமி ஓரிடத்தில் பலமாகவும் மற்றோரிடத்தில் மங்கலாகவும் தெரிகிறது. இரத்தத்திலுள்ள மற்றப் பொருள்களும் குறுக்கே வருகின்றன. ஆகவேதான் ஆஸ்பத்திரிகளில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது இன்னும் நிற்கவில்லை.

யாராவது இந்தத் துணியைக் கொண்டுவந்து "இதுவே போதும்" என்றால், வளர்த்துப் பார்த்ததோடு எத்தனை தடவை ஒத்தது, எத்தனை தடவை தப்பிற்று என்ற கணக்கைக் கேளுங்கள். செய்தவர்களே முதலில் அந்தக் கணக்கைத்தான் எழுதிவைக்கிறார்கள்.